மரம், பறை, வாடகை

ஒரு பழைய கட்டடத்துக்கு வயரிங் மாற்றுகிறார்கள், குழாய் மாற்றுகிறார்கள், ஏர்கோன் மாற்றுகிறார்கள். இதில் இலக்கிய விமர்சனத்துக்கு என்ன வேலை? நியாயமான கேள்விதான். ஆனால் 2021இல் ‘சப்ஸ்டேஷன்’ கட்டடத்தின் புதுப்பிப்பைப் பற்றி நடந்த வாதங்களைத் திரும்ப வாசிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. இரு தரப்பும் கட்டடம், இடம், வெளி என்ற சொற்களை மாற்றி மாற்றிப் புழங்குகிறார்கள், மூன்றுக்கும் ஒரே பொருள் என்பதுபோல. சொல்லில் குழப்பம் என்றால் அது நம்ம ஏரியா.

அப்போது பள்ளிச் சீருடையில் இருந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகவரி 45 ஆர்மீனியன் ஸ்திரீட். 1926இல் கட்டப்பட்ட துணை மின்நிலையம். அதன் மின்சார வேலை முடிந்து காலியாகக் கிடந்தபோது, நாடகாசிரியர் குவோ பாவ் குன் கலைகளுக்காக அதைக் கேட்டு வாங்கினார். 1990 செப்டம்பரில் சிங்கப்பூரின் முதல் சுயேச்சைக் கலை மையமாகத் திறந்தது. கருப்புப்பெட்டி அரங்கு ஒன்று, காட்சிக்கூடம், நடன அறை, பக்கத்தில் ஒரு தோட்டம், அவ்வளவுதான். 2021இல் தேசிய கலைகள் மன்றம் புதுப்பிப்பு வேலைக்காக ஜூலைக்குள் காலி செய்யச் சொன்னது. வேலை முடிந்ததும் திரும்பி வரலாம், ஆனால் முழுக் கட்டடத்தையும் நடத்துகிறவராக இல்லை, மற்றவர்களோடு பங்கு போட்டுக்கொள்ளும் ஒரு வாடகைதாரராக. மார்ச் மாதம் சப்ஸ்டேஷன் நிர்வாகக் குழு, அப்படியென்றால் ஒரேயடியாக மூடிவிடுகிறோம் என்று அறிவித்தது. கலைஞர்கள் கொதித்தார்கள். கடைசியில் கட்டடம் இல்லாத கலை அமைப்பாகத் தொடர்வது என்று முடிவானது.

இதற்கு ஒரு சுற்றுப்புறத் தாக்க ஆய்வு நடந்திருந்தால் அதில் என்ன எழுதியிருப்பார்கள்?

சிங்கப்பூரில் அத்தகைய ஆய்வுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. நிலத் திட்டமிடல் நடைமுறைக்குள்ளேயே அது நடக்கிறது. 2020 அக்டோபரில் அந்த நடைமுறையை இறுக்கினார்கள். காடு, சதுப்பு, கடலோரம் போன்ற இடங்களை மனத்தில் வைத்து உருவானது அது. நூறு பேர் அளவுக்கு உட்காரும் ஓர் அரங்குக்கு உள்வேலை செய்ய அது தேவைப்படாது. தேவைப்பட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சின்னச் சின்ன விதிகள் வேறு இருக்கின்றன. 1991க்கு முன் கட்டிய கட்டடத்தில் இடிப்பு வேலைக்கு முன்னால் கல்நார் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீடுகளுக்கோ மருத்துவமனைக்கோ 150 மீட்டருக்குள் இருக்கும் கட்டுமானத் தளத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை நடக்கக்கூடாது. எல்லாம் உருப்படியான விதிகள்தாம்.

கலிஃபோர்னியாவில் கதை வேறு. அங்கே 1970இலிருந்து தனிச்சட்டம் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள கட்டடத்தைச் செப்பனிடும் சிறு வேலைகளுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. ஆனால் கட்டடம் வரலாற்றுச் சிறப்புடையதாக இருந்து, அந்தச் சிறப்புக்கு வேலையால் கணிசமான கேடு வரலாம் என்றால் விலக்கு போச்சு. பிறகு காற்று, இரைச்சல், போக்குவரத்து, பண்பாட்டு வளம் என்று 20 தலைப்புகளில் படிவம் நிரப்ப வேண்டும். நம்மூர் நண்பர்கள் சிலர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதுண்டு. எனக்கு அந்தப் பெருமூச்சு வரவில்லை. 20 தலைப்பு இருந்தாலும் 40 இருந்தாலும், படிவம் எதைச் சுற்றுப்புறம் என்று எண்ணுகிறது என்பதுதான் கேள்வி.

நம்மிடம் இதைவிடப் பழைய படிவம் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியம் ஒரு திணையை மூன்று தட்டில் வைக்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் கருப்பொருள். அங்கே மனிதர்களுக்கு நேர்வது உரிப்பொருள். பள்ளியில் மனப்பாடம் செய்து தேர்வோடு மறந்த சமாசாரம்தான், சரி. ஆனால் இரண்டு நுணுக்கங்களைக் கவனியுங்கள். கருப்பொருள் பட்டியலை முடிக்கும்போது தொல்காப்பியர் ‘இதுபோன்ற பிறவும்’ என்ற அளவில் கதவைத் திறந்தே வைக்கிறார். அதோடு, உரிப்பொருள் அல்லாத மற்றவை ஒரு நிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்க் கலக்கலாம் என்றும் அனுமதிக்கிறார். குறிஞ்சிப் பறவை மருதத்தில் பறக்கலாம். உரிக்கு அந்தச் சலுகை கிடையாது.

இதை வைத்து ஆர்மீனியன் ஸ்திரீட்டைப் பார்த்தால் பல விஷயம் தெளிகிறது.

முதலில் மரம். குவோ பாவ் குன் 1987இல் எழுதிய நாடகம் ஒன்றில் ஒரு சிறுமியும் ஒரு கிழட்டு மரமும் நண்பர்களாகிறார்கள். மரம் நிற்கும் இடத்துக்கு மேம்பாட்டுத் திட்டம் வருகிறது. தலைப்பைத் தமிழில் ‘அசட்டுச் சிறுமியும் வேடிக்கைக் கிழமரமும்’ எனலாம் (மொழிபெயர்ப்பு என்னுடையது, குறை இருந்தால் திட்டுங்கள்). முடிவைச் சொல்லப்போவதில்லை, தேடி வாசியுங்கள். நமக்கு வேண்டியது அந்த நட்பின் தன்மை. அந்த மரத்தை அரிய இனம் என்றோ பாரம்பரிய மரம் என்றோ சிறுமி நேசிக்கவில்லை. அது அவளோடு பேசுகிறது, அதனால் நேசிக்கிறாள். மரப் பாதுகாப்புப் பகுதிகளில் 1 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்கிறது நம் சட்டம். சுற்றளவை அளக்க நாடா இருக்கிறது. பேச்சை அளக்க எதைக் கொண்டுபோவது?

இந்த நாடகம் வந்து மூன்று ஆண்டில் அதே மனிதர் ஒரு தோட்டத்தோடு கூடிய கலைவீட்டைத் திறந்தார். 90களில் அந்தத் தோட்டத்தில் இசை நிகழ்ச்சிகள் நடந்தன. காசில்லாத பையன்கள் கித்தாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு 2000களின் நடுவில் அந்தத் தோட்டம் நேரடி இசையோடு உணவு பரிமாறும் ஒரு வணிகத்துக்கு வாடகைக்குப் போனது. சப்ஸ்டேஷனுக்கு வருமானம் வேண்டியிருந்தது, புரிகிறது. ஆனாலும் 2021இன் கண்ணீர்க் கட்டுரைகள் பல இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விட்டன என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த அரங்கின் சுற்றுப்புறத்தில் முதல் பெரிய வெட்டு 2021இல் விழவில்லை. பதினைந்து ஆண்டுக்கு முன்னாலேயே வீட்டுக்காரரின் கையாலேயே விழுந்துவிட்டது. அரங்கை விட்டு வெளியே வந்ததும் நின்று சண்டை போட ஓர் இலவச மூலை இருந்தது. அதற்குப் பிறகு அந்த மூலையில் உட்கார ஒரு பானமாவது வாங்க வேண்டும். தொல்காப்பியப் பட்டியலில் ‘உணவு’ கருப்பொருள்தான். விலைப்பட்டியல் அதில் இல்லை.

அடுத்து பறை. சுற்றுப்புற ஆய்வில் ஒலி எப்போதும் குற்றவாளிக் கூண்டில்தான் நிற்கும். எத்தனை டெசிபெல், எத்தனை மணிக்கு, யாருக்குத் தொல்லை. 2023இல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் விடுதித் திட்டத்தில் மாணவர்கள் எழுப்பக்கூடிய சத்தத்தையும் சுற்றுச்சூழல் பாதிப்பாக ஆராய்ந்திருக்க வேண்டும் என்றது. மனிதக் குரலே மாசு! அதே ஆண்டு சட்டமன்றம் அவசரமாக ஒரு திருத்தம் போட்டு, குடியிருப்புகளில் வாழ்கிறவர்களின் சத்தம் அந்தக் கணக்கில் வராது என்று சொல்ல வேண்டியதாயிற்று. நம்மூரில் பறை கருப்பொருள். ஒரு நிலத்தை அந்த நிலமாக்குகிற பொருள்களில் ஒன்று. அது இல்லாவிட்டால்தான் பாதிப்பு.

சிறிய அரங்கின் விசித்திரம் என்னவென்றால் அது சத்தம் போடுகிற இடம், அதே சமயம் சத்தம் தாங்காத இடம். கட்டுமானச் சத்த விதிகளில் காப்பு பெறும் இடங்களாக மருத்துவமனை, பள்ளி, முதியோர் இல்லம் என்று சொல்வார்கள். அரங்கை யாரும் நினைப்பதில்லை. குவோவின் ‘பூனையைத் தேடும் அம்மா’ (1988) நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாண்டரின், ஹொக்கியன், ஆங்கிலம், மலாய், தமிழ் எல்லாம் ஒரே மேடையில் கலந்த, சிங்கப்பூருக்கு மைல்கல்லான நாடகம். அதில் ஹொக்கியன் மட்டும் தெரிந்த அம்மாவும் தமிழ் பேசும் ஓர் இந்தியப் பெரியவரும் சந்திக்கிறார்கள். இரண்டு பேரும் தொலைந்த பூனையைத் தேடுகிறார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கையாலும் குரலாலும் புரியவைத்துக்கொள்கிறார்கள். சொந்தப் பிள்ளைகளுக்குப் புரியாத அம்மாவை ஒரு தமிழ்த் தாத்தா புரிந்துகொள்கிறார். தமிழர்களாகிய நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், பிறகு கொஞ்சம் யோசிக்கவும் வேண்டும். அந்தக் காட்சியில் சொற்களைவிடச் சொற்களுக்கு நடுவிலுள்ள அமைதிதான் முக்கியம். ஏர்கோன் உறுமினால் காட்சி காலி. அதனால் ஒரு நல்ல புதுப்பிப்பு அந்த அமைதியைக் கூட்டித்தரும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பழசாக இருப்பதாலேயே ஒரு வயரிங்குக்குக் கலைத்தன்மை வந்துவிடாது.

வண்டி நிறுத்துமிடம், அளவு போன்ற அலுவலக விவகாரங்களையும் குவோ விட்டுவைக்கவில்லை. குறிக்கப்பட்ட அளவுக் குழிக்குள் அடங்காத தாத்தாவின் சவப்பெட்டி ஒரு நாடகம், வண்டி நிறுத்தியதற்கு வந்த அபராதச் சீட்டோடு மல்லுக்கட்டும் அப்பா இன்னொன்று. இரண்டும் சப்ஸ்டேஷன் திறப்பதற்குப் பல ஆண்டு முந்தியவை. எந்த மதிப்பீட்டுப் படிவத்துக்கும் இவற்றை முன்னுரையாகக் கட்டிவிடலாம்.

இப்போது உரி. இங்கேதான் இரு தரப்போடும் எனக்குச் சண்டை.

அந்தச் சுவர்களைத் தொட்டாலே ஆன்மா போய்விடும் என்று எழுதியவர்கள் முதற்பொருளை உரிப்பொருளாக நினைத்துவிட்டார்கள். அந்தக் கட்டடம் மின்சாரத்துக்காகக் கட்டியது. 1990இல் நடந்ததே ஒரு புதுப்பிப்புதான். மின்மாற்றிகளுக்காக யாரும் அன்று அழவில்லை. நிலம் மாறலாம், கருப்பொருளும் கலக்கலாம், இலக்கணமே அனுமதிக்கிறது.

மன்றத்தின் பிழை இதற்கு நேர் எதிர். உரிப்பொருளை ஒரு கருப்பொருளாக எடுத்துக்கொண்டு, அறை அறையாகப் பங்கு பிரிக்கலாம் என்று நினைத்தார்கள். பலரும் பயன்படுத்தட்டுமே என்பது நல்ல எண்ணம்தான், கெட்ட மனத்தோடு செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் சப்ஸ்டேஷனின் உரி என்ன? மதிப்புள்ள தோல்வி, சுமாரான வெற்றியைவிட மேல் என்பது குவோவின் புகழ்பெற்ற நிலைப்பாடு. அங்கே நிகழ வேண்டியது, ஒருவர் எதையாவது செய்துபார்த்துத் தோற்பது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: “சரி, செய்து பார்” என்று சொல்லும் அதிகாரம் கட்டடத்துக்குள்ளேயே யாரிடமாவது இருக்க வேண்டும். கட்டடம் முழுவதையும் ஒரு குழு நடத்தும்போது, பெயர் தெரியாத ஓர் இருபது வயதுக்காரருக்கு காட்சிக்கூடத்தை ஒரு வாரம் கொடுத்துவிட்டு, வருமானம் வராததை வேறொரு நிகழ்ச்சியில் ஈடுகட்டலாம். ஓர் அறையின் வாடகைதாரருக்கு அது முடியாது. அவரே முன்பதிவு வரிசையில் நிற்பார். உரிப்பொருளுக்கும் உரிமைக்கும் வேர் ஒன்றே என்பது இந்த இடத்தில் வெறும் சொல்விளையாட்டாக எனக்குத் தெரியவில்லை.

சில அடி தள்ளி 39 ஆர்மீனியன் ஸ்திரீட்டில் இருக்கிறது பெரனாக்கன் அருங்காட்சியகம், பழைய தாவ் நான் பள்ளிக் கட்டடம். அதுவும் 2019இல் புதுப்பிப்புக்காக மூடியது. 2023 பிப்ரவரியில் அழகாகத் திறந்தார்கள். மணிவேலைக் காலணிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, நாலு வருஷம் கழித்து எடுத்து மறுபடி கண்ணாடிக்குள் வைக்கலாம். ஒன்றும் கெடாது. அதே கணக்கை அடுத்த கட்டடத்துக்கும் போட்டதுதான் சிக்கல். பெட்டியில் வைக்க அங்கே பொருள் இல்லை. இருந்தது ஒரு பழக்கம். இருபது வயதில் அங்கே தோற்றிருக்க வேண்டியவருக்கு இருபத்துநாலு ஆகிவிடும்.

இதைத் தமிழ் நாடகக்காரர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே அறிவார்கள். மணிக்கணக்கில் அறை எடுத்து ஒத்திகை பார்க்கிறவர்கள் நாம். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். பாதி கட்டிய அரங்கப்பொருளைக் கழற்றிக் காரில் ஏற்றி வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் நிறுத்தி, அண்டைவீட்டுக்காரரிடம் பாட்டு வாங்கி, மறுவாரம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நம் நாடகங்களில் பல, வசனத்தில் பெரிதாகவும் பொருள்களில் சிறிதாகவும் இருப்பதற்கு அழகியல் காரணம் மட்டும்தான் என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கழற்றி மாட்ட முடிந்ததைத்தான் நாம் கற்பனை செய்கிறோம். அப்படியிருக்க, 2021இல் இந்த விவாதம் ஆங்கிலத்தில் கொதித்த அளவுக்குத் தமிழில் ஏன் சூடு பிடிக்கவில்லை? அது ‘அவர்கள்’ கட்டடம் என்று ஒதுங்கிவிட்டோமா? பூனையைத் தேடிய பெரியவர் நம் மொழியில்தானே பேசினார்.

இனி ஒரு சமூக மன்ற அரங்கையோ ஒரு பழைய கலைக் கட்டடத்தையோ புதுப்பிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தால், கல்நாரும் டெசிபெல்லும் பார்க்கிற அதே படிவத்தில் இன்னும் சில வரிகளைச் சேர்க்கச் சொல்லலாம். ஒரு பெட்டி அரங்கப்பொருளை இரவு விட்டுவிட்டுப் போக இடம் இருக்குமா? நாடகம் முடிந்தபின் ஒன்றும் வாங்காமல் எவ்வளவு நேரம் நிற்கலாம்? வேலை நடக்கும் இரண்டு மூன்று வருஷம் இங்கே வந்துகொண்டிருந்தவர்கள் எங்கே போவார்கள்? திறந்த பிறகு சாவி யாரிடம் இருக்கும், அவர் எத்தனை மணி வரைக்கும் ஃபோன் எடுப்பார்?