பால்மரப் பலகையில் நாலாம் எண் இழைப்புளி

பேராக் மாநிலத்தில் ஈப்போவின் ஜெலாப்பாங் பக்கம் மேசை செய்ய ரப்பர் மரப் பலகை வாங்கினால், அது பெரும்பாலும் ஒரே பலகையாக இருக்காது. சிறுசிறு சட்டங்களை விரல் கோத்ததுபோல் முனையோடு முனை பொருத்திப் பசையிட்டு ஒட்டியிருப்பார்கள். ஒரு சட்டத்தின் நார் வலப்பக்கம் ஏறும். பக்கத்துச் சட்டத்தில் இடப்பக்கம். வார்னிஷுக்கு முன் இழைத்தால் ஒன்று வழவழப்பாகும், அடுத்ததில் சிலும்பு கிளம்பும். இழைப்புளிக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வேண்டாம்.

பேராக்குக்கும் இந்த மரத்துக்கும் பழைய உறவு. 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. இருபத்தைந்து முப்பது ஆண்டில் பால் குறைந்ததும் மரத்தை வெட்டி மறுநடவு செய்வார்கள். ஒரு காலத்தில் விறகாக எரிந்த அந்த மரம்தான் இன்று நாற்காலியும் மேசையுமாகக் கப்பலேறுகிறது.

ஸ்டான்லி நாலாம் எண் இழைப்புளியின் வடிவம் லெனார்ட் பெய்லியுடையது. அவர் தொழிலை ஸ்டான்லி நிறுவனம் 1869இல் வாங்கியது. வார்ப்பிரும்பு உடல், சுமார் ஒன்பதரை அங்குல நீளம், இரண்டு அங்குல அலகு, 45 டிகிரி சாய்வு. பித்தளைத் திருகைத் திருப்பினால் அலகு இறங்கும். சீனத் தச்சர்களின் குறுக்குக் கைப்பிடி வைத்த மர இழைப்புளியிலோ சுத்தியலால் தட்டித்தான் இறக்க வேண்டும். மலாயில் இரண்டுமே கெத்தாம்தான்.

பெட்டியிலிருந்து எடுத்த புது அலகை அப்படியே ஓட்டக் கூடாது. தீட்டுக்கல்லில் முதுகைச் சமப்படுத்தி, முனையைத் தீட்டியாக வேண்டும். அடுத்து, அலகின் மேல் உட்காரும் தகடு. முழு வித்தையும் அதில்தான் இருக்கிறது. தகட்டின் விளிம்பு அலகின் முனையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், நார் மாறும் சட்டங்களில் மரம் பிய்ந்து வரும். பத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு நெருக்கினால், சுருள் எழும்போதே மடங்கி உடைகிறது. மரத்துக்குள் பிளவு ஓடுவதில்லை. ஜப்பானின் யமகாட்டா பல்கலைக்கழகத்தில் கத்தோ, கவாய் இருவரும் இதைப் படமெடுத்தே காட்டினார்கள். தள்ளுவதற்குக் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும். கிடைக்கும் பரப்புக்கு அந்த உழைப்பு தகும்.

உப்புத்தாள் நாரைக் கீறுகிறது, தூள் ரப்பர் மரத்தின் துளைகளில் அடைகிறது. இழைப்புளி நாரை வெட்டுகிறது. துளைகள் திறந்தே இருக்க, தெளிவான வார்னிஷின் கீழ் ரேகை பளிச்சென்று தெரிகிறது. ஆனால் நிறச்சாயம் ஏற்றுவதானால் கவனம்: இழைத்த இடம் சாயத்தைக் குறைவாகக் குடிக்கும், தேய்த்த இடம் கூடுதலாகக் குடிக்கும். முழுப் பரப்பையும் 220 எண் தாளால் ஒருமுறை மெதுவாகத் தடவினால் திட்டு விழாது. வளைந்த நாற்காலிக் கால்களுக்கு இந்தக் கருவி உதவாது.

பெரிய குறை துரு. ஈப்போவின் மழைக்கால ஈரத்தில், வியர்வைக் கை பட்ட அடிப்பாகம் சீக்கிரமே பழுக்கிறது. எண்ணெய் தடவி வைக்கலாம். இழைக்குமுன் அதைத் துடைத்தெடுத்து, மெழுகுவர்த்தியால் ஒரு கோடு இழுத்தால் இலகுவாக ஓடும். சிலிக்கான் ஸ்பிரே மட்டும் கிட்டவே வரக்கூடாது. அது மரத்தில் ஒட்டிவிட்டால் வார்னிஷ் அந்த இடத்தில் பரவாமல் குழிகுழியாக விலகும். மறுபடி இழைத்தாலும் லேசில் போகாது.