நேயர் கூற்று: இலங்கை வானொலியும் விருப்பப் பாடலின் அழகியலும்

ஒரு பாடல் கேட்போரின் உள்ளத்தை ஏன் தொடுகின்றது என்னும் வினாவுக்குத் தமிழ் விமர்சனம் பெரும்பாலும் பாடலுக்குள்ளேயே விடை தேடி வந்துள்ளது. மரபுவழி இரசிகர் சொல்நயத்தையும் இராகத்தையும் குரலையும் காரணமாகக் காட்டினர். முற்போக்கு விமர்சகர் பாடலின் சமூக உள்ளடக்கத்தை முதன்மைப்படுத்தினர். இவ்விரு சாராரும் பல விடயங்களில் முரண்பட்டவராயினும் ஒன்றில் உடன்பட்டனர்: பாடலின் பொருள் பாடலாசிரியராலும் இசையமைப்பாளராலும் முடிவுசெய்யப்பட்டு விடுகின்றது, கேட்பவர் அதைப் பெற்றுக்கொள்கிறார் என்பதே அது. இக்கருத்தை மீள்பரிசீலனை செய்வதற்கு ஈழத்துத் தமிழ் வாழ்விலேயே தக்கதொரு சான்று உண்டு. கொள்ளுப்பிட்டியை அடுத்த கறுவாத்தோட்டத்தில், முன்னர் டொறிங்டன் சதுக்கம் எனப்பட்ட இடத்தில் அமைந்த வானொலி நிலையத்திலிருந்து பல ஆண்டுகளாக ஒலித்த நேயர் விருப்ப நிகழ்ச்சிகளே அச்சான்றாகும். தமக்குப் பிடித்த பாடலைப் பிறருடன் பகிர்தல் என்ற செயல் அந்நிகழ்ச்சிகளில் எத்தகைய கலை வடிவத்தைப் பெற்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வரலாற்றுச் சூழலைச் சுருக்கமாக நோக்குதல் அவசியம். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950 செப்டெம்பர் 30 ஆம் திகதி தொடங்கியது. 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், சாஸ்திரிய இசையை வளர்க்கும் நோக்குடன் அகில இந்திய வானொலியில் திரைப்படப் பாடல்களை வெகுவாகக் கட்டுப்படுத்தினார். அங்கு வாயில் அடைபட்ட பாடல்கள் கொழும்பிலிருந்து ஒலித்தன. தமிழ்நாட்டு நேயரும் விளம்பரதாரரும் கொழும்பை நாடினர். 1957 அக்டோபரில் இந்திய அரசு விவித்பாரதி ஒலிபரப்பைத் தொடங்கிய பின்னரும் இலங்கை வானொலியின் செல்வாக்கு நெடுங்காலம் குன்றவில்லை. எஸ். பி. மயில்வாகனம் முதலாக இராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் வரையுள்ள அறிவிப்பாளர்களின் குரல்கள் பாக்குநீரிணையின் இரு மருங்கிலும் வீட்டுக் குரல்களாயின.

இந்நிகழ்ச்சிகளை நமது விமர்சகர் பொருட்படுத்தாமைக்குக் காரணங்கள் இருந்தன. தென்னிந்திய வணிகப் பண்பாட்டின் ஆதிக்கத்திலிருந்து ஈழத்துக் கலை இலக்கியத்தை விடுவித்தல் 1960களிலும் 1970களிலும் முற்போக்கு இயக்கத்தின் நியாயமான கோரிக்கையாக இருந்தது. எஸ். கே. பரராஜசிங்கம் போன்றோர் வானொலியினுள்ளேயே ஈழத்து மெல்லிசைக்காக உழைத்தமை அக்கோரிக்கையின் ஆக்கபூர்வமான பக்கமாகும். திரைப்பாடல்களுள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் ‘நாடோடி மன்னன்’ (1958) போன்ற படங்களுக்கு எழுதியவை விமர்சகரால் விதிவிலக்காக ஏற்கப்பட்டன. ஏனெனில் அவற்றின் சமூகப் பொருள் சொல்லிலேயே வெளிப்பட்டு நின்றது. எஞ்சியவை போதைப்பொருளாகவே கருதப்பட்டன. மேனாட்டிலும் இந்நோக்குக்கு வலுவான ஆதரவு உண்டு. ஜேர்மானியச் சிந்தனையாளரான தியடோர் அடோர்னோ 1938 இல் எழுதிய கட்டுரையொன்றில், வானொலி நிலையங்களுக்குக் கடிதம் எழுதும் இரசிகரைத் தாம் நுகரும் பண்டத்துக்குத் தாமே விளம்பரம் செய்பவர் என இகழ்ந்தார்.

அடோர்னோவின் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. நேயரின் தபாலட்டைகள் வர்த்தக ஒலிபரப்பின் மூலதனமாகவே பயன்பட்டன. ஆயினும் பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமா பற்றிக் கூறியதொன்று இங்கு மனங்கொள்ளத்தக்கது. சாதி வேறுபாடின்றித் தமிழர் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதற் கலையரங்கு சினிமாக் கொட்டகையே என்பது அவர் கருத்து. ஒரு வடிவம் வணிகத்தால் உருவாக்கப்பட்டது என்பதால் அதனுள் மக்கள் செய்துகொண்டவை யாவும் வணிகமாகிவிடா என்பது இதனின்று பெறப்படும். நேயர் விருப்பத்தில் மக்கள் செய்துகொண்டது யாது என்பதே நமது கேள்வி.

இதற்கு விடை காண நமது பழைய இலக்கணமே துணைசெய்கின்றது. அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் நீங்குவதால் ஒருவரின் அனுபவம் எவர்க்கும் பொதுவாகின்றது. அதே வேளை அகப்பாட்டு எப்போதும் ஒருவரின் கூற்றாகவே அமையும். யார், யாருக்கு, எச்சூழலில் கூறியது என்பதைப் பாட்டின் அடியில் உள்ள துறைக்குறிப்பு உணர்த்துகின்றது. அக்குறிப்புகள் புலவர் எழுதியவையல்ல, பின்வந்தோர் அமைத்தவை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. உரையாசிரியர்கள் ஒரே பாட்டை வெவ்வேறு சூழலுக்கு உரியதாகக் காட்டிய இடங்களும் உண்டு. எனவே பாட்டுக்குச் சூழலை வகுத்தல் கேட்போரின் படைப்புத்தொழிலாக நெடுங்காலமாகவே நம்மிடையே இருந்து வந்துள்ளது.

திரைப்பாடலும் பெரும்பாலும் பெயரற்ற ‘நான்’ ‘நீ’ என்பவற்றாலேயே இயல்வது. திரைப்படம் அதற்கு ஒரு துறைக்குறிப்பைத் தருகின்றது. வானொலியோ அக்குறிப்பை அழித்துவிடுகின்றது. எடுத்துக்காட்டாக, ‘பாசமலர்’ (1961) படத்தில் மனமுறிவால் பிரிந்திருக்கும் அண்ணனும் தங்கையும் தத்தம் குழந்தையைத் தாலாட்டும் பாடலை நோக்கலாம். கண்ணதாசன் எழுத, விசுவநாதன் – இராமமூர்த்தி இசையமைக்க, ரி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடியது அது. படத்தில் அப்பாடல் செல்வம் சேர்ந்த ஒரு குடும்பத்தின் பிணக்கோடு பிணைந்தது. வானொலியில் அந்த மாளிகையும் பிணக்கும் மறைந்துவிடுகின்றன. இரு வேறிடங்களிலிருந்து ஒருவரை ஒருவர் நினைந்து பாடும் இரு குரல்களே எஞ்சுகின்றன. இனி, கொழும்பில் தொழில் பார்க்கும் ஒருவர் ஊரிலுள்ள தங்கையின் பெயரைக் குறித்து அப்பாடலைக் கேட்டு எழுதினாரென்றால், அக்கணமே பாடல் புதியதொரு துறைக்குறிப்பைப் பெறுகின்றது. கண்ணதாசனின் சொற்கள் அந்த எழுதுவினைஞரின் கூற்றாகிவிடுகின்றன. அவர் கேட்பவராயிருந்து கூறுபவராகிறார். பாடல் அவரைத் தொடுவதற்கான காரணத்தின் பெரும்பகுதி இங்கேதான் உள்ளது: தம்மால் சொல்ல இயலாததைத் தமக்காக, தமது பெயரால், ஊரறியச் சொல்வித்தல்.

‘இசையும் கதையும்’ என்ற நிகழ்ச்சி இதனை மேலும் ஒரு படி முன்னெடுத்துச் சென்றது. நேயர் எழுதியனுப்பிய கதையொன்றை அறிவிப்பாளர் வாசிக்க, கதையின் திருப்பங்களில் பொருத்தமான பாடல்கள் ஒலிக்கும். கதைகள் பெரும்பாலும் நிறைவேறாக் காதலும் பிரிவும் கண்ணீருமாகவே இருந்தன. இலக்கிய உலகம் அவற்றை நகைப்புக்குரியனவாகக் கொண்டது. ஆனால் வடிவ நோக்கில் பார்த்தால், வெவ்வேறு படங்களிலிருந்து பெயர்த்தெடுத்த பாடல்களை ஒரு புதிய வாழ்வின் நிகழ்வுகளாகத் தொடுக்கும் இம்முறை, இன்ன பாடல் தமக்கு ஏன் முக்கியம் என்பதற்கு நேயர் எழுதிய விளக்கவுரையே எனலாம். சிறுகதை எழுதி எந்தச் சஞ்சிகையிலும் வெளியிட வாய்ப்பற்ற ஒருவருக்கு இது கிடைத்த களமாகும்.

கதைகளில் பிரிவே மீண்டும் மீண்டும் வந்தமை தற்செயலன்று. பொருள்வயிற் பிரிவு என்பது பாலைத்திணையின் பொருள். யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்துக்கு அது பொருளாதார யதார்த்தம். நிலவளம் குறைந்த குடாநாட்டிலிருந்து ஆங்கிலக் கல்வியின் துணையால் அரசாங்க உத்தியோகம் பெற்றோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறைகளை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து வாழ்ந்தனர். மனைவி மக்கள் ஊரில் இருந்தனர். 1956 இல் ஓடத்தொடங்கிய யாழ்தேவி இப்பிரிவின் வாகனம். மலையகத்திலோ பிரிவு அரசுகளால் விதிக்கப்பட்டது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவுசெய்தபோது, ஒரே லயத்தில் வாழ்ந்த உறவினர் கடலால் பிரிக்கப்பட்டனர். கடலின் இரு கரையிலும் கேட்கக்கூடியதாக இருந்தது இலங்கை வானொலி. இந்நிலையில் பாலையின் உரிப்பொருளைக் கொண்ட திரைப்பாடல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, எவரின் பிரிவைச் சுமந்தது என்பதே முக்கியமாகின்றது. அகமரபில் தலைமக்களிடையே சென்று பேசுவோரை வாயில்கள் என்பர். இங்கு அப்பணியை அறிவிப்பாளர் செய்தார்.

பாடலுக்கு முன்னர் வாசிக்கப்பட்ட பெயர்ப் பட்டியலும் கவனத்துக்குரியது. பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியில் குழந்தையின் பெயரைத் தொடர்ந்து அப்பா, அம்மா, அப்பப்பா, அம்மம்மா, மாமா, மாமி, சித்தி எனச் சுற்றம் முழுவதும் அழைக்கப்படும். விருப்பப் பாடலுக்கு முன்னரோ பெயரும் ஊரும் வரிசையாக வரும். அரச ஏடுகளில் வெறும் தொழிலாளராகவோ விண்ணப்பதாரராகவோ பதிவான மக்கள், தமது சொந்தப் பெயராலும் ஊராலும் மதிப்புடன் விளிக்கப்பட்ட பொது இடங்கள் மிகச் சிலவே. ‘நேயர்’ என்ற சொல்லே நேயத்தை அடியாகக் கொண்டது. கேட்போரை அன்பர் என அழைத்த அச்சொல்லாட்சிக்கு இந்நிகழ்ச்சிகள் ஓரளவு மெய்ப்பொருளைத் தந்தன.

இவ்வடிவத்தை இலட்சியப்படுத்துதல் கூடாது. எதனை விரும்பலாம் என்பதை இசைத்தட்டு நூலகமே வரையறுத்தது. கிராமத்துத் தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மியையும் எவரும் தபாலட்டையில் கேட்டுப் பெற இயலவில்லை. நீண்ட கடிதத்தின் காரணங்கள் கழிக்கப்பட்டுப் பெயர்கள் மட்டுமே வாசிக்கப்பட்டன. பெண்ணின் பொறுமையைப் போற்றும் பாடல்களைப் பெண்களே விரும்பிக் கேட்டபோது, அது அடக்குமுறையை ஏற்றலா, அதனைச் சொல்லி ஆற்றுதலா என்பது எளிதில் முடிவுசெய்யக் கூடியதன்று. சொந்த மொழியில் ஈழத்து இசை வளரவேண்டும் என்ற கோரிக்கையும் தன் வலுவை இழக்கவில்லை. ஆனால் இக்குறைகளைக் கூறும் உரிமை, நேயர் செய்ததை முதலில் கேட்டறிந்த விமர்சனத்துக்கே உண்டு.

பெயரை உரக்க வாசித்தல் என்ற செயலுக்கு இந்நகரில் வேறொரு வரலாறும் உண்டு. 1983 ஜூலையில் கொழும்பின் வீதிகளில் தமிழர் வீடுகளை அடையாளங்காண வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் பட்டியல்களைப் பயன்படுத்தின. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை எனக் காலி வீதியை ஒட்டிய பகுதிகளில் பெயரும் முகவரியும் உயிராபத்தாயின. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூறுக்கு மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அப்போதும் பெயரும் ஊருமே மனிதரைப் பிரித்தெடுத்தன. அதே பெயர்களும் அதே ஊர்களும் அதே நகரிலிருந்து ஒரு பாடலின் முன்னுரையாக வாசிக்கப்பட்ட காலம் இருந்தது என்பதை இவற்றின் அருகே வைத்து நோக்கும்போதுதான், நேயர் விருப்பத்தின் எளிமையான சடங்கு எத்தகைய சமூக நம்பிக்கையின் மேல் நின்றது என்பது புலனாகும். அச்சமின்றித் தன் பெயரை அறிவிக்க இயலும் என்ற நம்பிக்கையே அது.

ஆகவே, விருப்பப் பாடல் பற்றிய ஆய்வு பொழுதுபோக்கு பற்றிய ஆய்வாக மாத்திரம் கருதப்படலாகாது. பாட்டின் சொல் ஆசிரியருக்கு உரியது. இசை இசையமைப்பாளருக்கு உரியது. கூற்றோ அதனை விரும்பி இன்னொருவருக்கு வழங்கியவருக்கு உரியது. மூன்றாவதை நமது விமர்சனம் இதுவரை பதிவுசெய்யவில்லை. வானொலிக்கு எழுதியவர்களும் வாசித்தவர்களும் முதுமையடைந்து வருகின்றனர்; பலர் புலம்பெயர்ந்துள்ளனர். இராஜேஸ்வரி சண்முகம் 2012 இல் மறைந்தார். எஞ்சியோரைக் கண்டு, எந்தப் பாடலை யாருக்காகக் கேட்டீர்கள், ஏன் கேட்டீர்கள் என வினவி எழுதிவைத்தல் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் தமிழ்ச் சங்கங்களும் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும். பாட்டைப் பேணியோர் பலர். துறைக்குறிப்பு எழுதப்படாது போகுமாயின், அப்பாட்டு எம்மவரின் வாழ்வில் என்ன பொருள் தந்தது என்பதை அடுத்த தலைமுறை அறிய வழியிராது.