மந்தனுக்குப் பத்தரை மணி நேரத்தில் ஒரு நாள்

கோட்டுச்சேரிமேட்டில் இருப்பவனுக்குச் சனி தூரத்துக் கோள் இல்லை. திருநள்ளாறு சைக்கிள் தூரம்தான். பெயர்ச்சி வந்தால் காரைக்கால் பஸ்களில் நிற்கக்கூட இடம் இருக்காது. ஆனால் அந்தக் கோளைப் பற்றித் தமிழில் நம்மைச் சுற்றி வரும் எழுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்தால், கொஞ்சம் எரிச்சல்தான் வருது.

முதல் ரகம் உங்களுக்கும் வந்திருக்கும். திருநள்ளாற்றுக்கு மேலே போகும் செயற்கைக்கோள்கள் 3 வினாடி நின்றுபோகும், நாசாவே திகைத்தது என்னும் வாட்ஸ்அப் செய்தி. எந்தச் செயற்கைக்கோள், எந்த அறிக்கை, எந்த வருஷம் என்று ஒரு வரி இருக்காது. தாழ்வான பாதையில் போகும் செயற்கைக்கோள் வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடும். 3 வினாடி நின்றால் 22 கிலோமீட்டர் பின்தங்கும், ஏறக்குறைய நாகப்பட்டினம் தூரம். அதோடு அதை விட்டுடலாம்.

என்னை அதிகம் உறுத்துவது இரண்டாவது ரகம், நல்ல பிள்ளை மாதிரி இருக்கும் பொது அறிவுப் பட்டியல். "சனியின் ஒரு நாள்: 10 மணி 39 நிமிடம்." அவ்வளவுதான். பக்கத்திலேயே "மெதுவாகச் சுற்றும் கோள்" என்றும் போட்டிருப்பார்கள். சூரியனைச் சுற்றிவர அதுக்கு இருபத்தொன்பதரை வருஷம் ஆகும், அது மெதுவேதான். சனைச்சரன் என்றால் மெல்ல நடப்பவன், மந்தன் என்பதும் அவன் பேர்தான். பேர் வைத்தவர்கள் வானத்தில் பார்த்ததைச் சரியாகச் சொன்னார்கள். ஆனால் தன் அச்சில் அது சுழல்வதில் வியாழனுக்கு அடுத்த வேகக்காரன். நடுக்கோட்டில் மணிக்கு 35,000 கிலோமீட்டருக்கு மேல், பூமிக்கு 1,670தான். அந்த வேகத்தில் இடுப்பு பிதுங்கி, துருவம் நசுங்கி, கோளே பத்தில் ஒரு பங்கு தட்டையாகக் கிடக்கிறது. 'சுற்றுவது' வேறு, 'சுழல்வது' வேறு என்று தமிழில் தனித்தனிச் சொல் கையில் இருக்கும்போது இரண்டையும் 'சுற்று' என்றே எழுதுவது சோம்பேறித்தனம்.

சரி, அந்த 39 நிமிடத்துக்கு வருவோம். சனிக்குத் தரை கிடையாது. மேலே தெரிவதெல்லாம் மேகம். நடுக்கோட்டு மேகங்கள் 10 மணி 14 நிமிடத்தில் சுற்றி வந்துடும், மேலே கீழே போனால் இன்னும் 20, 25 நிமிடம் கூடும். 1794-ல் ஹெர்ஷல் மேகப்பட்டைகளைப் பார்த்து 10 மணி 16 நிமிடம் என்றார். அது காற்றோடு ஓடும் மேகத்தின் கணக்கு. உள்ளே இருக்கும் உடம்பு எவ்வளவு வேகத்தில் சுழலுது?

வியாழனுக்கு வழி சுலபம். அதன் காந்த அச்சு சுழல் அச்சிலிருந்து சுமார் 10 பாகை சாய்ந்திருக்கிறது. சுழலச் சுழல ரேடியோ அலை விட்டு விட்டுத் துடிக்கும். அதை எண்ணினால் 9 மணி 55 நிமிடம் 30 வினாடி. அதே உத்தியைச் சனிக்கும் போட்டார்கள். 1980, 81-ல் வாயேஜர் கேட்ட துடிப்பிலிருந்து வந்ததுதான் நம் பட்டியலின் 10 மணி 39 நிமிடம். 2004-ல் காசினி போய்க் கேட்டால் 10 மணி 45 நிமிடம் 45 வினாடி!

பூமியைப் போல 95 மடங்கு எடையுள்ள கோள் இருபத்துச் சொச்சம் வருஷத்தில் ஆறு நிமிடம் தளர்ந்துபோகுமா? போகாது. தளர்ந்தது துடிப்பு. அப்புறம் வடக்குக்கு ஒரு துடிப்பு, தெற்குக்கு வேறொரு துடிப்பு என்றும் தெரிந்தது. சனியின் காந்த அச்சோ சுழல் அச்சோடு அச்சு அசலாகப் பொருந்திக் கிடக்கிறது. சாய்வு பாகையில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, பட்டியல்காரர் எழுதியது ரேடியோ துடிப்பின் ஒரு காலத்து அளவை. கோளின் நாள் என்று தலைப்பு மட்டும் போட்டுவிட்டார்.

விடை வந்த இடம் அழகானது: வளையம். சனியின் உள்ளே அடித்த மணியைப் போல மெல்லிய அதிர்வுகள் ஓடுகின்றன. அவை ஈர்ப்பைக் கொஞ்சம் அசைக்க, உள்பக்கத்துச் சி வளையத்தில் சுருள் அலைகள் எழுகின்றன. வளையத்துக்குப் பின்னால் போகும் விண்மீன் மினுக்குவதைப் பார்த்துப் பார்த்து காசினி அந்த அலைகளைப் பிடித்தது. இந்த அலைகள் இருக்க வேண்டும் என்று மார்க் மார்லி போன்றவர்கள் முன்னாடியே கணித்திருந்தார்கள். 2019-ல் மான்கோவிச் குழு அலைகளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு 10 மணி 33 நிமிடம் 38 வினாடி என்று வெளியிட்டது. 2017 செப்டம்பர் 15-ல் காசினி சனிக்குள்ளேயே பாய்ந்து எரிந்துபோன பிறகு வந்த விடை இது.

பெயர்ச்சிக்குத் திருக்கணிதம் ஒரு தேதி, வாக்கியம் ஒரு தேதி சொல்லும்போது நம் ஊரில் சின்னப் பையன்கூட "எந்தப் பஞ்சாங்கப்படி?" என்று கேட்பான். திருநள்ளாற்றில் வாக்கியப்படி என்று தெளிவாகச் சொல்லிவிடுவார்கள், 2023 டிசம்பர் 20 அப்படி வந்த தேதிதான். அந்தக் கேள்வியை வினாடி வினாப் புத்தகத்திடம் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கட்டத்தை நான் நிரப்பினால் இப்படி எழுதுவேன்: சனி, 10 மணி 33 நிமிடம் 38 வினாடி, ஏறத்தாழ இரண்டு நிமிடம் கூடலாம், ஒன்றேகால் நிமிடம் குறையலாம், வளைய அலைகளின்படி, 2019. கட்டம் கொஞ்சம் பெரிசாப் போடணும். வியாழனுக்குப் பழைய கட்டமே போதும்.