ஓடுபாதையின் நீளமா, டயரின் பலமா?

பொம்மிடிக்காரர்களான எங்களுக்குப் பக்கத்து விமான நிலையம் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம்தான். அதன் ஓடுபாதை 1,806 மீட்டர், ஏ.டி.ஆர். விமானத்துக்குப் போதும். ஆனால் ஒலியை மிஞ்சிப் பறந்த, முழுச் சுமையில் 185 டன் எடையுள்ள கான்கார்டு பயணிகள் விமானம் மேலெழ ஏறத்தாழ 3,600 மீட்டர் தேவைப்பட்டது. காமலாபுரத்தைப் போல் இரண்டை ஒட்டவைத்தால் அளவு சரியாக வரும். சென்னையின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர். ஏட்டுக் கணக்கில் இடம் உண்டு. ஆனால் அந்த 3,600 மீட்டர் இதமான தட்பவெப்பத்துக்குச் சொன்னது. கத்திரி வெயிலில் காற்று மெலியும், எஞ்சினின் உந்துவிசை குறையும். சுமையைக் குறைக்காமல் வழியில்லை.

இந்த நீளத்தைக் காட்டி கான்கார்டைக் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்துக்கு மெல்லிய முக்கோணச் சிறகு தேவை. அதில் வழக்கமான மடல்கள் இல்லை. மெதுவாகப் போகையில் தாங்கும் திறன் குறைவு என்பதால் தரையிலேயே பெருவேகம் எடுத்தாக வேண்டும். இது தெரிந்தே கொடுத்த விலை.

என் குற்றச்சாட்டு அந்த வேகத்தைச் சுமந்த டயர்கள் மீது. ஓட்டத்தை நிறுத்துவதா, பறப்பதா என்று முடிவெடுக்க ஒரு கடைசி வேகம் உண்டு. தாண்டிவிட்டால் பறந்தே தீர வேண்டும். 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் புறப்பட்ட கான்கார்டுக்கு அந்த வேகம் 150 நாட்; மூக்கைத் தூக்க வேண்டிய வேகம் 198 நாட். இடைப்பட்ட அந்த ஓட்டத்தில்தான், முன்னே போன விமானத்திலிருந்து விழுந்த உலோகப் பட்டை டயரைக் கிழித்தது. டயர்த் துண்டு சிறகின் எரிபொருள் தொட்டியைத் தாக்க, தீப்பற்றியது. 113 பேர் மாண்டார்கள்.

இது எதிர்பாராத விபத்து அல்ல. 1979இல் வாஷிங்டனில் இன்னொரு கான்கார்டின் டயர் வெடித்துச் சிறகு துளைபட்டிருந்தது. அதன்பின் சில திருத்தங்கள் செய்தார்கள். தொட்டிக்குள் கெவ்லார் உறையும் வலுவான புது டயரும் வந்ததோ 2001இல், இத்தனை உயிர்கள் போன பிறகு. அதுவரை பயணிகளின் பாதுகாப்பு ஓடுபாதையைப் பெருக்குபவரின் கண்ணை நம்பியிருந்தது. அந்த 22 ஆண்டுத் தாமதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டு கான்கார்டுகளை வாங்கும் உரிமையைப் பதிந்திருந்த ஏர் இந்தியா 1975இல் அதைக் கைவிட்டது. காரணம் எதுவானாலும் முடிவு சரி என்பேன். சென்னையின் பாதை குறுகியது என்பதால் அல்ல; டயர் வெடித்தாலும் தொட்டி தாங்கும் என்று அன்று எவராலும் உறுதி தர முடிந்திருக்காது என்பதால்.