வளையம் பொருந்தினால் போதுமா?

எஃகு உத்திரமும் தூணும் சேரும் இணைப்பைக் கணினியில் அமைத்து, நிலநடுக்கம்போல முன்னும் பின்னும் ஆட்டி, கிடைத்த விசை–இடப்பெயர்ச்சி ஹிஸ்டெரிசிஸ் வளையத்தைச் சோதனைக்கூட வளையத்தின்மேல் வரைந்து காட்டுவது கட்டமைப்புப் பொறியியல் ஆய்வேடுகளில் சடங்காகிவிட்டது. இரண்டு கோடுகளும் ஒட்டிவந்தால் ‘மாதிரி சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு வரி. அடுத்த பக்கத்திலேயே தகட்டின் தடிமனையும் உத்திரத்தின் ஆழத்தையும் மாற்றி மாற்றிக் கணக்குகள் தொடங்கிவிடும். கணினி மாதிரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழு அளவுச் சோதனைக்குச் செலவு அதிகம். எஃகுக்குள் திரிபு எங்கே குவிகிறது என்று கணினி காட்டுமளவுக்கு எந்த அளவியும் காட்டாது. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு பற்றவைப்புக்கான அணுகுதுளையின் வடிவம் திருந்தியதில் இத்தகைய கணக்குகளுக்குப் பங்குண்டு. என் மறுப்பு அந்த ஒரு வரியின்மேல்தான்.

வளையம் முழு இணைப்பின் கூட்டு விடை. எஃகின் வலுவேற்றம், தூணின் நெகிழ்வு, உத்திர ஃபிளேஞ்சின் நெளிவு எல்லாம் அதில் கரைந்திருக்கின்றன. ஒன்றில் நேர்ந்த பிழையை இன்னொன்று ஈடுகட்டிவிடும். வலுவேற்றத்தை விவரிக்கும் ஷபோஷ் மாதிரியில் மூன்று பின்தகைவுக் கூறுகளை எடுத்தால் அவற்றுக்கே ஆறு எண்கள் வேண்டும். ஏறத்தாழ ஒரே வளையத்தைத் தரும் எண்தொகுதிகள் பல உண்டு. எது உண்மை என்று வளையம் சொல்லாது. இதைவிடப் பெரிய குறை, எது முறியும் என்பதைப் பற்றி அது வாய் திறப்பதே இல்லை. 1994 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட எஃகுக் கட்டடங்களின் இணைப்புகள் சேதமுற்றன. முறிவுகள் பெரும்பாலும் கீழ் ஃபிளேஞ்சின் பற்றவைப்பில் தொடங்கின. உடையாமல் தாங்கும் திறன் குறைந்த பற்றுலோகம், அகற்றாமல் விட்ட பின்தகடு உண்டாக்கிய வெட்டுவாய், அங்கே நெருக்கிய முப்பரிமாணத் தகைவு ஆகியவை காரணங்கள். உத்திரத்தையும் தூணையும் ஒரே கணுக்களால் ஒட்டவைத்த கணினி வலையில் பற்றுலோகமும் இல்லை, வெட்டுவாயும் இல்லை. அந்த மாதிரி அமெரிக்க விதி கேட்கும் 0.04 ரேடியன் மாடி விலகலைத் தாண்டியும் கவலையின்றி ஆடும். முறியாத ஒரு சோதனையோடு அது பொருந்துவதில் வியப்பென்ன?

முறிவு மாதிரிகள் வந்துவிட்டனவே என்பார்கள். ஆய்வாளர்கள் கன்விண்டேயும் டியர்லைனும் வளர்த்த வெற்றிட வளர்ச்சி அணுகுமுறை, எஃகு நீண்டு கிழிவதைக் கணிப்பதில் மதிப்புள்ளது. ஆனால் பற்றவைப்புக் குறையிலிருந்து திடீரென ஓடும் பிளவு வேறு இயல்பு. அதற்குக் குறையின் அளவும் உலோகத்தின் தாங்குதிறனும் தெரிய வேண்டும். வலையின் கட்டத்தைச் சிறிதாக்கினாலே திரிபின் உச்சம் மாறும்; அந்த உச்சத்தை அதே சோதனையின் முறிவுச் சுற்றுக்குப் பொருத்திவிட்டு ‘கணித்தோம்’ என்பது பழைய நோயே. இன்றைய விதிகள் பற்றுலோகத்தைத் திருத்திவிட்டன, ஆகவே முறிவை ஒதுக்கலாம் என்பது இரண்டாவது தடை. அந்த உறுதி சோதிக்கப்பட்ட வடிவங்களுக்கும் அளவு வரம்புகளுக்கும் உரியது. ஆய்வேடுகள் கணக்கிடுவதோ பெரும்பாலும் அந்த வரம்புக்கு வெளியே உள்ளவற்றை. முடிவு அறியாத அடுத்த சோதனைக்கு, எந்தப் பற்றவைப்பு எந்தச் சுற்றில் விடும் என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே எழுதி ஒப்படைக்கட்டும். ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற வரியை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.