சான்றிதழும் சரக்கறையும்: வழங்கல் மேலாண்மைத் தேர்வு குறித்து ஒரு திறனாய்வு

ஒரு தொழிற்சாலையோ மருத்துவமனையோ போக்குவரத்துக் கழகமோ இயங்குவதற்கு வேண்டிய பொருள்களை யாரிடம், என்ன விலைக்கு, எந்த அளவில், எப்போது வாங்குவது என்பதையும், வாங்கியவற்றை எங்கே எவ்வளவு காலம் இருப்பு வைப்பது என்பதையும் தீர்மானிக்கும் துறை வழங்கல் மேலாண்மை எனப்படும். இத்துறையில் பணியாற்றுவோரின் அறிவைத் தொழில் அமைப்பு ஒன்று சோதித்துத் தகுதிச் சான்று வழங்குவதே சான்றிதழ்த் தேர்வு. பல்கலைக்கழகப் பட்டத்திலிருந்து இது வேறானது. இத்தேர்வின் பயனை விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரண்டு ஊர்களை முன்வைத்து எடைபோடுவதற்குக் காரணம் உண்டு. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் சாலைகள் பிரியுமிடம் திண்டிவனம். புதுச்சேரி, காட்பாடி, மயிலாடுதுறை ஆகிய இடங்களிலிருந்து வரும் இருப்புப்பாதைகள் சென்னை–திருச்சிப் பாதையுடன் கூடுமிடம் விழுப்புரம். சரக்குப் போக்குவரத்துக்கு இவ்வளவு பொருத்தமாக அமைந்த ஊர்களில், அச்சரக்கை வாங்கவும் அனுப்பவும் திட்டமிடும் பதவிகள் மிகக் குறைவாகவே உள்ளன. ஆகவே பொறியியலோ வணிகவியலோ படித்த இளைஞர்கள் மறைமலை நகர், ஒரகடம், சேதராப்பட்டு என்று தொழிற்பகுதிகளை நாடிச் சென்று பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ் பிரிவுகளில் சேர்கின்றனர். சேர்ந்த சில ஆண்டுகளில் மேற்பதவிக்கு வழி எது என்ற கேள்வி எழும்போது சான்றிதழ்த் தேர்வு கண்ணில் படுகிறது.

இத்தேர்வுகளின் வரலாறு மேற்கில் தொடங்குகிறது. அமெரிக்காவில் 1915-இல் கொள்முதல் முகவர்களின் தேசியச் சங்கமாகத் தோன்றி, 2002-இல் வழங்கல் மேலாண்மை நிறுவனம் என்று பெயர் மாறிய ஐ.எஸ்.எம். அமைப்பு, 1974 முதல் சி.பி.எம். என்ற சான்றிதழை வழங்கிவந்தது. 2008-இல் அதனினும் விரிந்த சி.பி.எஸ்.எம். என்ற சான்றிதழை அறிமுகப்படுத்தியது. இருப்புக் கட்டுப்பாட்டில் ஊன்றிய அப்பிக்ஸ் அமைப்பு 1957-இல் தோன்றியது. பிரிட்டனில் 1932-இல் வேர்கொண்ட சிப்ஸ் அமைப்பு 1992-இல் அரச சாசனம் பெற்றது. இந்தியாவில் 1975 முதல் செயல்படும் இந்தியப் பொருள் மேலாண்மைக் கழகம், நவி மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு பட்டயப் படிப்புகளையும் தேர்வுகளையும் நடத்திவருகிறது. சி.பி.எஸ்.எம். மூன்று தாள்களைக் கொண்டது. கொடுக்கப்பட்ட விடைகளுள் சரியானதைத் தெரிவுசெய்யும் முறையில் கணினியில் எழுதப்படுவது. 100 முதல் 600 வரையிலான அளவுகோலில் 400 பெற்றால் தேர்ச்சி.

இத்தேர்வின் முதன்மையான நன்மை, பணியிடத்தில் துண்டு துண்டாகக் கற்றவற்றை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவருவதாகும். விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம் போன்ற ஒரு நிறுவனத்தின் உதிரிபாகக் கிடங்கை எண்ணிப் பார்க்கலாம். ஆண்டுச் செலவின் அடிப்படையில் பொருள்களை மூன்றாகப் பிரிப்பது ஏபிசி பகுப்பாய்வு. அதன்படி டயரும் இன்ஜின் பாகங்களும் முதல் வகுப்பிலும், சில ரூபாய் பெறும் ரப்பர் வளையம் கடைசி வகுப்பிலும் அடங்கும். ஒரு பொருள் இல்லாவிட்டால் வேலை எந்த அளவுக்குத் தடைப்படும் என்பதை வைத்துப் பிரிப்பது விஇடி பகுப்பாய்வு. பிரேக் அமைப்பிலுள்ள அதே ரப்பர் வளையம் இல்லாமல் பேருந்து பணிமனையை விட்டு வெளியேற முடியாது என்பதால், இப்பகுப்பில் அது முதல் வரிசைக்கு வந்துவிடுகிறது. அனுபவமுள்ள ஸ்டோர் கீப்பர் எவரும் இதை அறிவார். ஆயினும் அவருடைய அறிவு அவரோடு ஓய்வு பெற்றுப் போகாமல், அடுத்து வருபவர் கற்கக்கூடிய வடிவத்தை அடைய வேண்டுமானால் இத்தகைய பெயர்களும் வகைப்பாடுகளும் வேண்டும். தேர்வுக்குப் படிப்பவர் முதன்முதலாகத் தம் வேலையை வெளியிலிருந்து பார்க்கிறார் என்பது சிறிய பயன் அன்று.

இரண்டாவது நன்மை பலரும் கவனிக்காதது. சி.பி.எஸ்.எம். சான்றிதழ் பெறத் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. பட்டதாரிக்கு மூன்று ஆண்டும், பட்டம் பெறாதவருக்கு ஐந்து ஆண்டும் துறையில் முழுநேரப் பணியனுபவம் வேண்டும். பட்டம் இல்லாதவரையும் அனுபவத்தின் பேரில் உள்ளே அழைக்கும் இந்த விதி, பட்டயமோ பிளஸ் டூவோ முடித்துக் கிடங்கில் சேர்ந்து உழைப்பால் உயர்ந்த ஒருவருக்கு மேலாளர் பதவிக்கான கதவைத் திறக்கக்கூடியது. எல்லாத் தேர்வுகளும் இந்த நிபந்தனையை விதிப்பதில்லை. அப்பிக்ஸ் மரபில் வந்த சி.பி.ஐ.எம். தேர்வை முன்னனுபவம் இன்றியும் எழுதலாம். வேலை கிடைப்பதற்கு முன்பே சான்றிதழை வாங்கிவிடத் துடிக்கும் இளைஞருக்கு இது வசதியாகத் தோன்றினும், கிடங்கின் உட்புறத்தைப் பார்த்திராதவர் பெறும் சான்றிதழ் அவர் எதை அறிந்திருக்கிறார் என்பதைத்தான் சொல்லும். எதைச் செய்யவல்லவர் என்பதைச் சொல்லாது.

அறிதலுக்கும் செய்தலுக்கும் உள்ள இந்த இடைவெளி தேர்வின் வடிவத்திலேயே பதிந்திருக்கிறது. 1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த சிக்கனக் கொள்முதல் அளவு என்ற வாய்பாடு இதற்குத் தக்க சான்று. அடிக்கடி ஆர்டர் கொடுத்தால் ஆர்டர் செலவு கூடும். மொத்தமாக வாங்கினால் இருப்புச் செலவு கூடும். இரண்டின் கூட்டுத்தொகை எந்த அளவில் மிகக் குறைவாக இருக்கும் என்பதை வாய்பாடு காட்டுகிறது. ஆண்டுத் தேவை 1,200 எண்ணிக்கை, ஓர் ஆர்டருக்கான செலவு 150 ரூபாய், ஒரு பொருளை ஓராண்டு வைத்திருக்கும் செலவு 4 ரூபாய் என்றால் விடை 300. அந்த அளவில் ஆண்டுச் செலவு 1,200 ரூபாய். தேர்வில் 250 என்றோ 360 என்றோ விடையளித்தவருக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் கிடங்கில் 250 வாங்கினாலும் 360 வாங்கினாலும் ஆண்டுச் செலவு 1,220 ரூபாய்தான். அதாவது இருபது ரூபாய் மட்டுமே கூடுதல். வாய்பாட்டின் உண்மையான படிப்பினை இந்தத் தாராளத்தில்தான் இருக்கிறது: அளவு சற்று முன்பின் ஆனாலும் பெரிய இழப்பு நேராது, ஆகவே லாரியின் கொள்ளளவுக்கோ பெட்டியின் எண்ணிக்கைக்கோ ஏற்ப அதை மாற்றிக்கொள்ளலாம். உண்மையான கடினம் ஆண்டுத் தேவை 1,200 என்ற எண்ணை எங்கிருந்து பெறுவது என்பதில் உள்ளது. தேர்வுத்தாள் அந்த எண்ணைக் கொடுத்துவிடுகிறது. பணியிடத்தில் அதைக் கொடுப்பார் யாரும் இல்லை. முந்தைய ஆண்டுகளின் பேரேட்டைப் புரட்டியும், உற்பத்திப் பிரிவினரிடம் பேசியும், மழைக்காலத்தையும் பண்டிகைக் காலத்தையும் கணக்கில் கொண்டும் அதைக் கண்டடைய வேண்டும். அந்தத் திறனே இத்தொழிலின் சாரம்; நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் தேர்வு அதை மிகக் குறைவாகவே தொடுகிறது.

பாடத்திட்டம் எந்தச் சூழலை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்பது அடுத்த கேள்வி. 1983-இல் பீட்டர் கிரால்ஜிக் முன்வைத்த கட்டம், கொள்முதல் பொருள்களை அவை லாபத்தின் மீது செலுத்தும் தாக்கம், கிடைப்பதிலுள்ள இடர் என்ற இரண்டு அளவைகளால் நான்காகப் பிரிக்கிறது. உலகெங்கும் இத்துறை மாணவர்கள் படிக்கும் கருத்து இது. முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் உள்ள சர்க்கரை ஆலைகளுக்கு இதைப் பொருத்தினால், தாக்கமும் இடரும் மிகுந்த கரும்பு, உத்திமுறைப் பொருள் என்ற கட்டத்தில் விழும். அடையாளம் காண்பது வரை கட்டம் சரியாகவே வேலை செய்கிறது. அதன்பின் அது கூறும் மருந்து, முக்கியமான ஒரு சில வழங்குநரோடு நீண்டகால ஒப்பந்தம் செய்து கூட்டாகத் திட்டமிடுக என்பது. கரும்பை வழங்குவோர் ஒரு சிலர் அல்லர், சிறு நிலங்களில் பயிரிடும் ஏராளமான உழவர்கள். குறைந்தபட்ச விலையை ஒன்றிய அரசு அறிவிக்கிறது. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு வந்த 14 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்றும், தவறினால் 15 விழுக்காடு வட்டி சேரும் என்றும் விதிக்கிறது. எந்த வயலை எந்த நாளில் வெட்டுவது என்பதை ஆலை கொடுக்கும் வெட்டு உத்தரவு தீர்மானிக்கிறது; வெட்டிய கரும்பு ஆலை வாசலில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் எடையும் சர்க்கரைச் சத்தும் குறைகின்றன. ஆகவே இங்கு வழங்கல் மேலாளரின் திறமை விலை பேசுவதில் இல்லை. வெட்டு உத்தரவையும் வெட்டும் ஆள்களின் வரவையும் வண்டிகளின் வரிசையையும் ஆலையின் அரவைத் திறனோடு இசைவிப்பதிலும், உழவரின் பணத்தை உரிய நாளில் கொடுத்து அடுத்த ஆண்டும் அவரைக் கரும்பு நடவைப்பதிலும் இருக்கிறது. பன்னாட்டுப் பாடநூல்களில் இதற்கு இடம் மிகக் குறைவு.

சட்டப் பகுதியும் இவ்வாறே. இந்தியாவில் வாங்குவோரும் விற்போரும் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்துக்கும் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவர்கள். பன்னாட்டுச் சரக்கு விற்பனை குறித்த 1980-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அரசு நிறுவனத்துக்கு வாங்குபவர் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தையும், 2016-இல் தொடங்கிய ஜெம் என்ற அரசு மின்சந்தையின் நடைமுறையையும் அறிந்திருக்க வேண்டும். திண்டிவனம் சிப்காட் வளாகத்தில் குறுந்தொழில் நடத்துபவரிடம் கொள்முதல் செய்யும் பெரிய நிறுவனம், 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். வழங்குநருக்குப் பணம் தரும் காலத்தை நீட்டித்து நிறுவனத்தின் கையிருப்பைப் பெருக்குவது ஒரு நிதி உத்தியாகப் பாடங்களில் பேசப்படுகிறது. அந்த உத்தி இங்கே சட்டமீறலாகிவிடக்கூடும் என்பதை, வெளிநாட்டுத் தேர்வை மட்டும் நம்பிப் படித்தவர் அறியாமலே போகலாம்.

சான்றிதழ் இன்றியே சிறந்த வழங்கல் அமைப்பு உருவாகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் எடுத்துக்காட்டு உண்டு. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மாநில அளவில் ஒருங்கே கொள்முதல் செய்து, விழுப்புரம் உள்ளிட்ட மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கிய தொகையைப் பாஸ்புக்கில் பதிந்து, தேவைக்கேற்பப் பெற்றுக்கொள்ளச் செய்கிறது. மருந்தின் மாதிரிகள் உற்பத்தியாளரின் பெயர் மறைக்கப்பட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பப்படுகின்றன. பிற மாநிலங்கள் பின்பற்றிய இந்த முறையை அமைத்தவர்கள் நிர்வாகிகளும் மருத்துவத் துறையினரும். அவர்களை வழிநடத்தியது எந்த வெளிநாட்டுச் சான்றிதழும் அன்று. இதனால் சான்றிதழ் வீண் என்று முடிவு கட்டுவது சரியாகாது. அக்கழகத்தின் நடைமுறை ஏன் வெற்றி பெற்றது என்று விளக்கப் புகுபவருக்கு மையக் கொள்முதல், விலை ஒப்பந்தம், தேவையால் இழுக்கப்படும் வழங்கல் ஆகிய கருத்துகள் தேவைப்படுகின்றன, அவற்றைத் தருவது இப்பாடத்திட்டமே. ஆயினும் எது முந்தியது என்பதில் ஐயம் வேண்டியதில்லை.

நேர்மை குறித்த வினாக்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இத்தகைய தேர்வுகளில் பொதுவாக நெறிமுறைப் பகுதி உண்டு. வழங்குநர் தரும் பரிசை ஏற்கலாமா என்று கேட்டு நான்கு விடைகள் கொடுத்தால், சரியான விடையைக் கண்டுபிடிப்பது எவருக்கும் எளிது. கொள்முதல் பிரிவில் நேர்மையைக் காப்பது அந்த விடை அன்று, வேலையைப் பிரித்துவைக்கும் அமைப்பே ஆகும்: தேவையை எழுதுபவர், ஆர்டர் கொடுப்பவர், சரக்கைச் சரிபார்த்து இறக்குபவர், பில்லைப் பாஸ் செய்பவர் ஆகிய நால்வரும் வெவ்வேறு ஆள்களாக இருந்து, ஆர்டரும் சரக்கு வரவுச் சீட்டும் பில்லும் ஒத்திருந்தால்தான் பணம் வெளியேறும் என்ற ஏற்பாடு. சிறிய ஊரின் சிறிய நிறுவனத்தில் இந்த நான்கு வேலைகளையும் ஒருவரே செய்ய நேர்கிறது. அங்கே என்ன செய்வது என்பதுதான் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் உரிய வினா. முதலாளியே வாரம் ஒருமுறை இருப்பை நேரில் எண்ணிப் பார்ப்பது போன்ற எளிய விடைகள் அதற்கு உண்டு, தேர்வு அவற்றைக் கேட்பதில்லை.

செலவு பற்றி அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. சி.பி.எஸ்.எம். தேர்வின் கட்டணம் டாலரில் அமைந்து, மூன்று தாளுக்கும் சேர்த்துப் பல நூறு டாலரை எட்டுகிறது. நூல்களுக்கும் சான்றிதழைக் காலந்தோறும் புதுப்பிப்பதற்கும் தனியே செலவாகிறது. மாதச் சம்பளத்தில் வீட்டுக்குப் பணம் அனுப்பும் ஓர் இளைஞருக்கு இது கடன் வாங்கிச் செய்யும் முதலீடு. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்களைக் கட்டணமின்றிப் படித்து, சிறு தொகை கட்டித் தேர்வெழுதலாம் என்றிருக்கையில், அடிப்படை அறிவுக்காக டாலர் செலவழிப்பது தேவையற்றது.

ஆகவே வரிசையே இங்கு முக்கியமாகிறது. முதலில் வேலை, வேலையோடு என்பிடெல் பாடமோ இந்தியக் கழகத்தின் பட்டயமோ, பன்னாட்டு நிறுவனத்தில் பணிபுரிந்து, அந்நிறுவனம் கட்டணத்தை ஏற்கவோ அதன் பேரில் பதவி உயர்வு தரவோ முன்வரும் நிலையில் பன்னாட்டுச் சான்றிதழ். வேலை தேடும் புதிய பட்டதாரிக்குச் சான்றிதழை விற்க முனையும் பயிற்சி மையங்களின் சொல்லை ஏற்பதற்கு முன், விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து இளைஞர்கள் தாம் சேர விரும்பும் நிறுவனத்தில் அச்சான்றிதழ் உண்மையில் கேட்கப்படுகிறதா என்பதை அங்கே பணிபுரிவோரிடமே விசாரித்து அறிய வேண்டும். சர்க்கரை ஆலையின் வெட்டு உத்தரவையும் மருந்துக் கிடங்கின் பாஸ்புக்கையும் பணிமனையின் உதிரிபாகப் பட்டியலையும் பாடமாகக் கொண்டு, ஸ்டோர் கீப்பர்களும் கொள்முதல் எழுத்தர்களும் எழுதத்தக்க ஒரு தேர்வைத் தமிழில் உருவாக்குவது, இவ்விரு ஊர்களிலும் அரசுக் கலைக் கல்லூரிகளை நடத்திவரும் தமிழக உயர்கல்வித் துறையால் செய்யக்கூடிய பணி. அத்துறை அதை இந்தியப் பொருள் மேலாண்மைக் கழகத்துடன் சேர்ந்து விரைவில் தொடங்க வேண்டும்.