பாலைவனத்தில் வளர்ந்த நகரம்: ஒரு துணைக்கோள் படத்தின் மதிப்பீடு

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பாலைவனத்தின் நடுவே அமைந்த நகரம் லாஸ் வேகாஸ். இந்நகரும் இதன் புறநகர்களும் அடங்கிய கிளார்க் மாவட்டத்தில் 1970இல் 2 இலட்சத்து 73 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 2010இல் அத்தொகை 19 இலட்சத்து 51 ஆயிரம். நாற்பது ஆண்டுகளில் ஏழு மடங்கு! லாண்ட்சாட் துணைக்கோள்கள் 1972 முதல் 2010 வரை எடுத்த படங்களை வரிசையாகக் கோத்து, இந்த வளர்ச்சியை ஒரு குறும்படமாக நாசா நிறுவனம் 2012இல் வெளியிட்டது. என் மாணவர்களுக்கு இதைப் பலமுறை காட்டியிருக்கிறேன். காட்டக் காட்ட, இதன் சிறப்புகளோடு சில குறைகளும் புலப்பட்டன.

முதலில் சிறப்பைச் சொல்லிவிடுவோம். சாம்பல் நிறப் பாலையில் நகரம் மேற்கிலும் தெற்கிலும் பரவி, மலையடிவாரத்தைத் தொடும் காட்சி யாரையும் வியக்க வைக்கும். புள்ளிவிவரப் பட்டியல் பத்துப் பக்கம் படித்தாலும் இந்த உணர்ச்சி வராது.

ஆனால் படம் முடிந்ததும் மாணவர் கேட்கும் முதல் கேள்வி, “அந்தச் சிவப்பெல்லாம் வீடுகளா, சார்?” என்பதுதான். வீடுகள் அல்ல, புல்வெளிகள்! இலையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. இலையின் உட்புறச் செல் அமைப்போ, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிர்களை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. அக்கதிர்களைக் காட்டுவதற்காகப் படத்தில் சிவப்பு நிறம் பூசப்படுகிறது. ஆகவே கோல்ஃப் மைதானங்களும் பூங்காக்களும் சிவந்து தோன்றுகின்றன. நாசாவின் குறிப்பிலேயே இவ்விளக்கம் இருக்கிறது. ஆனால் குறிப்பைப் படிப்பவர் சிலர். படத்தை மட்டும் பார்ப்பவர் பலர்.

இதனால் விளையும் பிழை சிறிதன்று. புதிய வீடுகளின் முன்புறத்தில் புல்வெளி வளர்க்கக் கூடாது என்று அப்பகுதியில் 2003இல் விதி செய்தனர். பழைய புல்வெளிகளைப் பெயர்த்தெடுப்பவர்களுக்குத் தண்ணீர் வாரியம் பணமும் கொடுத்தது. மீட் ஏரி வற்றி வந்ததால் எடுத்த நடவடிக்கை இது. சிவப்பைக் கொண்டு நகரத்தை அளப்பவருக்கு, 2003க்குப் பின் எழுந்த குடியிருப்புகள் உள்ளதைவிடச் சிறியவையாகவே தெரியும்.

இரண்டாவது குறை கருவி மாற்றத்தைப் பற்றியது. 1972இல் ஏவப்பட்ட முதல் லாண்ட்சாட்டின் படத்தில் ஒரு புள்ளி என்பது நிலத்தில் சுமார் 80 மீட்டர் பக்கமுள்ள சதுரம். 1984இல் ஏவப்பட்ட லாண்ட்சாட் 5இன் புதிய கருவிக்கு அது 30 மீட்டர். பரப்பில் கணக்கிட்டால் 6,400 சதுர மீட்டர், 900 சதுர மீட்டராகக் குறைந்தது. ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. முன்பு பாலையோடு கலந்து மங்கிக் கிடந்த தெருக்கள் 1984இல் திடீரெனத் துலங்குகின்றன. அங்கே கண்ணில் படும் மாறுதலில் நகரத்தின் பங்கு எவ்வளவு, கருவியின் பங்கு எவ்வளவு? பிந்திய படங்களையும் 80 மீட்டருக்கு மங்கச் செய்து, பிறகு ஒப்பிட்டால்தான் அளவு நேர்மையாக இருக்கும். மூக்குக் கண்ணாடி மாற்றிய அன்றே ஊர் பெரிதாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

மூன்றாவது குறையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2000க்குப் பின் அங்கே வீட்டு வணிகம் வெறியாட்டம் ஆடியது. 2006இல் விலை உச்சியைத் தொட்டது; 2012க்குள் பாதிக்கும் கீழே விழுந்தது. கடனைக் கட்ட முடியாத குடும்பங்கள் வீடுகளை வங்கிகளிடம் இழந்து வெளியேறின. 2010ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கிளார்க் மாவட்டத்தில் 8,40,343 வீடுகள் இருந்தன. குடியிருந்த குடும்பங்களோ 7,15,365தான். விடுமுறைக்கு மட்டும் வந்து தங்கும் வீடுகளும் இதில் சேரும் என்றாலும், ஏழில் ஒரு வீடு காலி!

இந்தத் துயரம் படத்தில் எங்கே? எங்கும் இல்லை. ஆள் இருக்கும் வீட்டின் கூரையும் ஆளில்லா வீட்டின் கூரையும் ஒளியை ஒரே மாதிரிதான் பிரதிபலிக்கின்றன. பணம் பெற்றுப் புல்லைப் பெயர்த்த வீட்டிலும் சிவப்பு மறைகிறது. கடனில் மூழ்கியவர் விட்டுச் சென்று புல் காய்ந்த வீட்டிலும் சிவப்பு மறைகிறது. ஒன்று சிக்கனம், மற்றது வீழ்ச்சி. துணைக்கோளுக்கு இரண்டும் ஒன்றே. நகரின் விளிம்பு பல இடங்களில் கோடு கிழித்தாற்போல் முடிகிறதே, அதன் காரணமும் படத்தில் இல்லை. சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் மத்திய அரசுக்குச் சொந்தம். எந்த எல்லைக்குள் அதை விற்கலாம் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வரையறுத்தது. அந்தக் கோட்டைப் போட்டது சட்டம்.

இக்குறைகளைத் துணைக்கோளின் மேல் சுமத்துவது நியாயமன்று. அது தன்னிடம் வந்த ஒளியை அளந்து சொல்கிறது, அவ்வளவே. அதை நிலப்படமாக்க மனிதர் தரையில் நடக்க வேண்டும். அங்கங்கே சில இடங்களைத் தேர்ந்து, நேரில் பார்த்து, எத்தனை இடத்தில் படம் பிழைத்தது என்று எண்ண வேண்டும். அந்தப் பிழைக் கணக்கையும் குடிக்கணக்கையும் படத்தின் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். நம் நாட்டு ஐ.ஆர்.எஸ். வரிசைத் துணைக்கோள்களின் படங்களிலும் தாவரங்களைச் சிவப்பாகக் காட்டும் இதே முறை வழங்குவதால், இந்த எச்சரிக்கை நமக்கும் உரியதே.

ஆசிரியர்கள் இக்குறும்படத்தைத் தாராளமாகக் காட்டலாம். ஆனால் இரண்டு முறை காட்ட வேண்டும். முதல் முறை, வியப்பதற்கு. இரண்டாம் முறை 1984இல் ஒருமுறையும், 2006க்குப் பின் ஒருமுறையும் நிறுத்தி, “இங்கே மாறியது எது?” என்று கேட்க வேண்டும். பதில் சொல்ல மாணவர் திணறினால், பாடம் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.